கொய்யாவின் உள்நிறம்

ஜூன் 4
வீடு

அழவில்லை. பாப்பா உன்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அது தவறு. அவள் ஊரிலிருந்து வந்து இறங்கிய நேரம், நான் கூடத்துச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழைய சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது. கண்ணில் விழுந்தது, துடைத்தேன். பெற்ற மகள் அதைப் பார்த்துவிட்டு, தோள் பையைக்கூட இறக்காமல், அம்மாவுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

போனில் நான் ‘ம்’ மட்டும்தான் சொல்கிறேன், சொல்ல ஏதாவது இருந்தால் எழுதட்டும் என்று நீ அவளிடம் சொல்லியனுப்பினாயாம். சரி. எழுதுகிறேன்.

வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறேன்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை எழுதுகிறவன் நான். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது, வக்கீல் கேட்பது, எல்லாம் சுருக்கெழுத்தில் கை தானாக எடுத்துக்கொள்ளும். என் பேச்சை நானே எடுக்கும்போது கை நின்றுவிடுகிறது. யாராவது பேசட்டும் என்று காத்திருக்கிறது.

முதலில் ஒரு பெயிண்டரை வைத்தேன். ஒரு நாள்தான் வந்தார். நல்ல வேலைக்காரர். ஒவ்வொரு சுவரையும் சுரண்டி முடித்ததும் இது போதுமா, இந்தப் பக்கம் சரியா என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொன்னேன். சாயங்காலம் சாமான்களை மூட்டை கட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க சார். நல்லாருக்குன்னு சொல்லுங்க, இல்ல கேவலமா இருக்குன்னு திட்டுங்க. ரெண்டும் இல்லாம செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா எனக்குக் கை ஓடமாட்டேங்குது.”

ஏணியை மட்டும் இரவலாக விட்டுப் போனார். ஆகவே நானே அடிக்கிறேன். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் கொஞ்சம், ஞாயிறுகளில் நிறைய.

கூடத்துப் பெரிய சுவருக்கு என்ன நிறம் என்று உனக்குத் தெரியும்.


ஜூன் 10
விடுதி

தெரியாது. என்ன நிறம்?

கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. முன்பும் எழுதியதில்லை என்பதால் முதல் கடிதம் என்றே வைத்துக்கொள்ளலாம். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ சம்மன் வந்துவிட்டது என்று பயந்தேன்.

பெயிண்டருக்கு என் அனுதாபம். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். பாப்பா கல்யாணமாகிப் போன மறுவாரம், இனிமேலாவது கூடத்துக்கு வண்ணம் அடிக்கலாமா என்று கேட்டேன். பேப்பரை மடிக்காமலே பார்க்கலாம் என்றீர்கள். அன்று சாயங்காலம் பெட்டியை எடுத்தேன். “பெயிண்ட்டுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா?” என்று என் தங்கை இன்றும் கேட்கிறாள். பெயிண்ட்டுக்காக நான் போகவில்லை. அதனால் வண்ணம் அடித்தால் வந்துவிடுவேன் என்ற கணக்கில் ஏணியில் ஏறாதீர்கள். உங்களுக்கு உயரம் ஆகாது. தூசும் ஆகாது. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

பட்டி மாவு பூசும் முன் சுவரை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தூசியின் மேல் வைத்தால் காய்ந்ததும் தோலாக உரியும். இந்த விடுதியில் போன மாதம் அப்படித்தான் உரிந்தது. மாணவிகள் உரித்து விளையாடுகிறார்கள்.

என் அறை சின்னது. தோள் உயரம் வரை பழுப்பு எண்ணெய்ப் பூச்சு, மேலே மங்கிய மஞ்சள். வார்டன் அறைக்கு என்று யாரோ எப்போதோ முடிவு செய்த நிறம். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அதில் ஒரு அமைதி இருக்கிறது.

என்ன நிறம் என்று எழுதுங்கள்.


ஜூன் 17
வீடு

கொய்யாப் பழத்தின் உள்நிறம்.

அப்போது பாப்பா சின்னக் குழந்தை, உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் நீ. சாலையை அகலமாக்குவதற்காக இரண்டு பக்கமும் வீடுகளைப் பாதியாக இடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு மாடி அறைக்கு முன்பக்கம் இல்லை. உள்சுவர் மட்டும் வெட்டவெளியில் நின்றது, ஆணியில் ஒரு காலண்டர்கூட இருந்தது. நீ சொன்னாய்: “அங்க பாருங்க, கொய்யாவை அறுத்து வெச்ச மாதிரி. நமக்கும் ஒரு செவுரு அப்படி இருந்தா நல்லாருக்கும்ல.” பேருந்து திரும்பிவிட்டது.

பெயிண்ட் கடைக்காரர் ஷேடு அட்டையை விசிறி போல விரித்துப் போட்டு, கொய்யா என்று ஒன்று கிடையாது என்றார். ரோஜா இருக்கிறது, பவளம் இருக்கிறது, வேறு ஏதேதோ இருக்கிறது. நான் வெளியே போய்ப் பழம் வாங்கி வந்து, அவருடைய பேனாக் கத்தியாலேயே அறுத்து, கல்லாப் பெட்டி மேல் வைத்தேன். கலக்கும் மிஷினில் எண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதிகச் சிவப்பு. பிறகு அதிக மஞ்சள். “பழம் கறுக்கறதுக்குள்ள முடிவு சொல்லுங்க சார், அப்புறம் அந்தக் கலர்ல கேப்பீங்க” என்றார். நான்காவது கலவையில் சரி என்றேன். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சரி என்றேன்.

ஒரே பூச்சாக அடித்தால் பழத்தின் அந்தச் சொரசொரப்பு வரவில்லை. வெளிர் நிறத்தை அடியில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் அழுத்தமானதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் வரும் என்று கடைக்காரர் சொன்னார். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் மேல் பழகிக்கொண்டிருக்கிறேன். இழுவிக்கொள்கிறது.

மேல்வீட்டு டெய்லரம்மா துணி காயப்போட இறங்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறார். “என்ன சார், யாராவது பொண்ணு பாக்க வராங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அக்கா இருந்தப்ப ஒரு ஆணி அடிச்சுத் தரல. கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?” என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர்களுக்கு நாக்கிலும் ஊசி இருக்கிறது.


ஜூன் 24
விடுதி

படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாப்பாட்டு ஹாலில். மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டனுக்குச் சிரிப்பு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குமே கொஞ்சம் மறந்திருந்தது.

அந்தச் சுவரை நான் முற்றிலும் மறந்துவிட்டேன். நீங்கள் எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன். பேருந்து வருகிறது, பாப்பாவின் தலையின் கனம் வருகிறது, சுவர் வரவில்லை. எனக்கே இல்லாத ஒன்றை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைக்கிற வயது இல்லை. மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். டிராயரை அடிக்கடி திறக்கிறேன்.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பிறகு வண்ணத்தில் தொடுங்கள். ஒரு தடவை பேப்பரில் ஒற்றி எடுத்துவிட்டுச் சுவருக்குப் போங்கள். ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. ஒவ்வொரு ஒற்றலுக்கும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஒரே அச்சாக விழும். விடுதி ஆண்டு விழாவுக்கு மேடைத் திரையை இப்படித்தான் செய்தோம்.

இங்கே ஒரு மாணவி இருக்கிறாள், எதைக் கேட்டாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்பாள். “மேடம், தப்பா நெனைக்காதீங்க, எங்க ரூம் பல்பு சிமிட்டிக்கிட்டே இருக்கு” என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன். எலக்ட்ரீஷியன் வரும் வரை அவளைக் காக்க வைக்க என்னால் முடியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கியபோது அவள் பயந்துபோய் நின்றாள்.

அடுக்களையை என்ன செய்வதாக உத்தேசம்? சும்மாதான் கேட்கிறேன்.


ஜூலை 1
வீடு

அடுக்களை முடிந்துவிட்டது.

அலமாரிகளின் பின்பக்கச் சுவருக்குக் கரும்பச்சை எனாமல். உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று நீ சொன்னது: “வெள்ளைச் செவுத்துல எவர்சில்வர் செத்த மாதிரி இருக்கு. பின்னாடி கொஞ்சம் இருட்டா இருந்தாப் பாத்திரம் முன்னாடி வந்து நிக்கும்.” உண்மைதான். நிற்கின்றன. காலையில் விளக்கைப் போட்டால் டம்ளர்கள் எல்லாம் ஆஜராகிவிட்டன என்பதுபோல இருக்கிறது.

அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பூச்சு, என் தலை உயரம் வரை. “தொடைக்கத் தொடைக்க செவுருதான் துணியோட வருது, அழுக்கு அங்கேயேதான் இருக்கு” என்று சொல்வாய். இனி வராது. துடைத்துப் பார்த்துவிட்டேன்.

பஞ்சு விஷயத்தில் நீ சொன்னது சரி. மணிக்கட்டைத் திருப்பினேன். கூடத்துச் சுவர் இப்போது பழம் மாதிரியே இருக்கிறது. வந்தவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள். வந்தவர்கள் என்றால் டெய்லரம்மாவும் பால்காரரும்.

கோர்ட்டில் என் விரல் இடுக்கில் பச்சை ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வக்கீல், “என்ன சார், வீட்ல விசேஷமா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.


ஜூலை 7
விடுதி

பருவத் தேர்வு முடிந்து மாணவிகள் ஊருக்குப் போகிறார்கள். எனக்கும் விடுப்பு உண்டு. இருபதாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். பார்த்துவிட்டுப் போகத்தான். நீங்களாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நினைத்துக்கொண்டாலும் எழுத வேண்டாம்.

தங்கையிடம் சொன்னேன். “பெயிண்ட்டுக்காகப் போனவ பெயிண்ட்டுக்காகவே வரா” என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாளாம். சிரிக்கட்டும்.

இன்று கடைத்தெருவில் கொய்யா வாங்கினேன். தின்பதற்கு முன் அறுத்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.


ஜூலை 13
வீடு

நீ வருவதற்குள் படுக்கையறையை முடித்துவிடுவேன். அதைப் பற்றி எழுதாமல், வந்ததும் நீயே பார்த்துக்கொள்வாய் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. எழுதுவது பழகிவிட்டது.

கூரைக்கு வண்ணம் அடித்துவிட்டேன்.

உன் முதுகு விலகி, பலகையில் மல்லாந்து அசையாமல் கிடந்தாயே, அந்த மழைக்காலம். நேர் மேலே ஓதம் ஏறி ஒரு கறை இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருக்கிறது என்பாய். முதலில் விளையாட்டாகச் சொன்னாய். பிறகு, மேல்வீட்டை ஒட்டிய மொட்டைத் தளத்தில் தண்ணீர் தேங்கிய அன்று, அந்த ஆள் பெரிதாகிக்கொண்டே வருகிறான் என்றாய். டாக்டர் வந்து போன சாயங்காலம் நான் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். “ஒண்ணும் பெருசா வேணாம். அதை மட்டும் மறைச்சு விட்டுருங்க. கண்ணைத் தெறந்தா அதுதான் தெரியுது.” மறுநாள் காலை நான் கிளம்பும்போது, “ஒரு வெள்ளைத் துணியாவது கட்டி விடுங்க” என்றாய். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிப் படுக்கப் பழகிக்கொண்டாய்.

எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. நீ சொன்னது எல்லாம் சொன்ன வரிசையில், சொன்ன குரலில் அப்படியே இருக்கிறது. இந்த ஒன்றரை மாதமாக ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து வருகிறேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஓதத்தைச் சுரண்டி, தடுக்கும் பூச்சு இரண்டு கை கொடுத்து, அதன் மேல் வெளிர் நீலம். கறை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. பலகையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்கு வருகிறேன்.


ஜூலை 21
வீடு

நேற்றுப் போயிருந்தேன். காலைப் பேருந்தில் நீ இல்லை. தவறவிட்டிருப்பாய் என்று மதியப் பேருந்தையும் பார்த்தேன். பிறகு அங்கேயே இருந்தேன். நிலையத்தில் பேருந்து நேரம் குறிப்பவர் கடைசியில், “யாரைங்க தேடறீங்க? ஆள் எப்படி இருப்பாங்க?” என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். சரியாகச் சொல்ல வரவில்லை. நீ சொன்னதெல்லாம் வருகிறது, நீ எப்படி இருப்பாய் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரவில்லை.

விடுதியில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?


ஜூலை 30
விடுதி

யாருக்கும் ஒன்றுமில்லை.

டிக்கெட் எடுத்திருந்தேன். புடவை மடித்து வைத்திருந்தேன். பத்தொன்பதாம் தேதி உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு, மடித்த புடவையைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருடமும். காது மந்தம் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. நாள் முழுக்க ஊரார் வழக்கைக் காதில் வாங்கிவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் உள்ளே எதுவும் போகாது, என்ன செய்வது என்று. தங்கையிடம் அப்படித்தான் சொன்னேன். பாப்பா சிறுமியாக இருக்கும்போது, அப்பா ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறார் என்று கேட்டால், “அவருக்குக் கேக்கலடா, பாவம்” என்பேன். அந்தப் ‘பாவம்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உங்களோடு இருந்தேன். நல்ல மனிதர், கேட்டிருந்தால் செய்திருப்பார், அவருக்குக் கேட்கவில்லை.

இப்போது எழுதுகிறீர்கள், ஒரு சொல் விடாமல் கேட்டது என்று.

டாக்டர் வந்து போன சாயங்காலம் நான் சொன்னது கேட்டது. வெள்ளைத் துணியாவது கட்டுங்கள் என்றது கேட்டது. அதற்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்தியதுகூடத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிப் படுத்ததைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

கொய்யாச் சுவருக்கு நான் சிரித்தேன். அடுக்களைக்குச் சந்தோஷப்பட்டேன். அப்போது புரியவில்லை. நீங்கள் எதையோ தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். தேடவே இல்லை. எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது.

ஏன்?

இது ஒன்றுதான் நான் கேட்பது. எப்போது வேண்டுமானாலும் பதில் எழுதுங்கள். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.


ஆகஸ்ட் 9
வீடு

நிறையக் கிழித்துப் போட்டேன். இதுவும் சரியாக வராது. இருந்தாலும் அனுப்பிவிடுகிறேன்.

கோர்ட்டில் நான் உட்காரும் இடம் உனக்குத் தெரியாது, நீ வந்ததில்லை. நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. கூண்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது கேட்பவர்கள்தான். ஒருத்தி பிள்ளையைக் கேட்பாள். ஒருவர் தன் வீட்டுக்குப் போகிற வழியைக் கேட்பார். சிலர் அழுவார்கள். நான் எடுப்பேன். சொல் பிசகாமல் எடுத்துவிட்டால் என் மேல் யாருக்கும் குறையில்லை. கொடுப்பதும் மறுப்பதும் எனக்குப் பின்னால், எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவரின் வேலை. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை வந்ததில்லை.

நீ கேட்டபோதும் எடுத்தேன். ஒரு சொல் விடவில்லை. அதோடு முடிந்தது என்று எனக்குள் ஏதோ அடங்கிவிடும். நம்புவாயோ மாட்டாயோ, மனைவி சொல்வதைக் கவனமாகக் கேட்கிற கணவன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஆண்களைவிட ஒரு படி மேல் என்றுகூட. சக குமாஸ்தாக்கள், பெண்டாட்டி காலையில் என்ன வாங்கிவரச் சொன்னாள் என்பதையே மறந்துவிட்டு முழிப்பார்கள். நான் மறந்ததில்லை.

நீ போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் பழையது எல்லாம் திரும்ப ஓட ஆரம்பித்தது. அதில் என் குரலைத் தேடினேன். ‘பார்க்கலாம்’ மட்டும் இருந்தது. அதே சொல். எல்லா இடத்திலும்.

இது காரணமா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வேறு இல்லை.

சின்ன அறை மட்டும் பாக்கி. சுரண்டிப் பட்டி வைத்துவிட்டேன். அடிப்பூச்சுக்கான பிரைமர் டப்பா, ரோலர், எல்லாம் அங்கேயே இருக்கிறது. அந்த அறையைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லை. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் அட்டையைக் கொடுத்தார், எல்லா நிறமும் ஒன்றுபோல இருக்கிறது.

என்ன நிறம் என்று நீ சொல்ல வேண்டும். வந்து சொன்னால் நல்லது. வந்துவிடு. இதை நான் இதற்கு முன் உன்னிடம் கேட்டதில்லை என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

நான் கோர்ட்டில் இருக்கும் நேரம் என்றால் டெய்லரம்மாவிடம் சாவி இருக்கும்.


ஆகஸ்ட் 20
விடுதி

நேற்று வந்திருந்தேன். நீங்கள் கோர்ட்டில் இருக்கும் நேரம் என்று தெரிந்தேதான் வந்தேன்.

டெய்லரம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, “போய்ப் பாருங்க அக்கா. உங்க வீடு மாதிரியே இல்ல” என்றார். கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அழகாக இருக்கிறது. பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கூடத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் பட்ட இடத்தில் அது நிஜமாகவே ஈரமாக இருப்பதுபோல இருந்தது. அடுக்களையில் பாத்திரங்கள் முன்னால் வந்துதான் நிற்கின்றன. ஓரங்களில் எங்கேயும் வழியவில்லை. இவ்வளவு பொறுமை உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும், அதைச் சுவரில் பார்த்ததில்லை.

படுக்கையறையில் நான் படுத்துப் பார்க்கவில்லை. நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன். நீலம். கறை தெரியவில்லை. ஆனால் நான் தெரிந்தேன். அந்தப் பலகையில் மல்லாந்து கிடப்பவள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கூடத்தில் ஒருத்தி மடியில் குழந்தையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுக்களையில் ஒருத்தி கையில் துணியோடு. ஒவ்வொரு அறையிலும் ஒருத்தியைச் சுவரோடு சேர்த்துப் பூசி வைத்திருக்கிறீர்கள். அவர்கள் யாருக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அவர்கள் நடுவில் உட்கார இடம் இல்லை.

சின்ன அறையில் நான் எதுவும் கேட்டதில்லை. அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டு போன சோற்றை அங்கேதான் சாப்பிட்டேன்.

உங்கள் பதிலை நம்புகிறேன். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள், நான் கூண்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தீர்கள்? அந்த நாற்காலியில் யாருமே இல்லை. வீட்டில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம்.

நான் திரும்பி வரப்போவதில்லை. பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் ‘ம்’ சொல்லி அவளைக் குழப்ப வேண்டாம். இது தண்டனை இல்லை. தண்டனை என்று உங்கள் மேசையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது, அதன் சுவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அங்கே எனக்குத் தூக்கம் வருகிறது. அவ்வளவுதான்.

வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். நான் வீட்டில் இருந்தபோது, அடுத்த அறையிலிருந்து நீங்கள் ஒரு தடவை சும்மா கூப்பிட்டிருந்தால், ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வந்திருப்பேன்.

சின்ன அறைக்கு என்னிடம் நிறம் இல்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது, நீங்கள் சொன்னதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். அவரைக் கொஞ்சம் காக்க வைத்தாலும் பரவாயில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, பட்டி வைத்த சுவரை ஈரத் துணியால் துடைத்தேன். காய்ந்ததும் பிரைமர் டப்பாவைத் திறந்து, நான்கு சுவருக்கும் ஒரு கை அடித்தேன். ரோலரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வாசம் போவதற்கு ஜன்னலைத் திறந்து, கொக்கியை மாட்டினேன். கதவைப் பூட்டி, சாவியை மேல்வீட்டில் கொடுத்துவிட்டு, சாயங்காலப் பேருந்தில் ஏறினேன்.